மீதியை மானிட்டரில் காண்க!

கேம் ரிவ்யூவில் கதையை உடைக்கலாமா, கூடாதா? ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் நடக்கும் பஞ்சாயத்துக்கு ஒரு தீர்ப்பு!

ஒரு கேம் வாங்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. ரூமில் நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டாச்சு. காசைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரிவ்யூ பார்த்துடுவோமேன்னு உட்கார்றீங்க. அஞ்சாவது நிமிஷத்தில் அந்த ரிவ்யூக்காரர், 'கடைசியில் ஹீரோவோட அப்பாதான் வில்லன்னு தெரியுற இடம் இருக்கே... சும்மா அதிருது பாஸ்!' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். அதிர்ந்தது அவருக்கு. நமக்கு? நாப்பது மணி நேரக் கதை ஒரே வரியில் காலி!

சரி, இவர் வேண்டாம்னு அடுத்தவரிடம் போறீங்க. இவர் ரொம்ப நல்லவர். 'கதையைப் பத்தி நான் மூச்சே விட மாட்டேன். கிராஃபிக்ஸ் சூப்பர், சவுண்டு சூப்பர், பத்துக்கு ஒன்பது' என்று முடித்துவிடுகிறார். இதைக் கேட்டு வாங்குறதா, வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? இந்த ரிவ்யூவை அப்படியே எடுத்து ஒரு டி.வி. பெட்டிக்கு ஒட்டினாலும் பொருந்தும்!

ஒருத்தர் எல்லாத்தையும் சொல்லி ஏமாத்துறார். இன்னொருத்தர் எதையுமே சொல்லாமல் ஏமாத்துறார். ரெண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான். கேம் வாங்குறது கீழராஜ வீதியில் நின்னு டீ குடிக்கிற மாதிரி சமாச்சாரமா என்ன? டீ நல்லா இல்லைன்னா அடுத்த கடை. கேம் மொக்கைன்னா ஒரு மாச பாக்கெட் மணி அவுட். அதனால, 'ஸ்பாய்லர் இருக்கலாமா, கூடாதா' என்கிற கேள்வி வெறும் அரட்டைக் கேள்வி இல்லை மக்களே. நம்ம காசும் நம்ம சந்தோஷமும் ஒண்ணா மாட்டியிருக்கிற கேள்வி.

வாங்க, கொஞ்சம் நிதானமா பிரிச்சு மேய்வோம்.

வள்ளிக்கு யாரோட கல்யாணம்?

முதல் சாட்சி நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. மாசி, பங்குனி வந்தால் புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் திருவிழாதான். காப்புக் கட்டு, பால்குடம் எல்லாம் முடிஞ்சு, ராத்திரி பத்து மணிக்கு மேல மேடையில் 'வள்ளி திருமணம்' நாடகம் ஆரம்பிக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வழியில் வந்த இசை நாடகம். நோட்டீஸிலேயே கிளைமாக்ஸ் இருக்கு பாருங்க... வள்ளிக்குத் திருமணம்! மாப்பிள்ளை யாருன்னு மூணு வயசுக் குழந்தைக்கும் தெரியும். இதைவிடப் பெரிய ஸ்பாய்லர் உலகத்தில் உண்டா?

ஆனாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, விடிய விடிய கண் முழிச்சுப் பார்க்கிறார்களே, ஏன்?

விஷயம் இதுதான். இதை 'ஸ்பெஷல் நாடகம்'னு சொல்வாங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியா புக் பண்ணுவார்கள். அன்னிக்கு ராத்திரிதான் மேடையில் சேருவார்கள். ஒத்திகையெல்லாம் கிடையாது. அதனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் இருக்கே, அது இன்னிக்கு எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. கேள்வி எங்கிருந்து வரும், பதில் எப்படித் திரும்பும், பாட்டில் யார் யாரை மடக்குவார்... சஸ்பென்ஸ் அங்கேதான். கதை எல்லோருக்கும் தெரியும், ஆட்டம் யாருக்கும் தெரியாது. இந்தக் கலைஞர்களுக்குப் புதுக்கோட்டையில் சங்கமே இருக்குன்னா, இந்த 'தெரிஞ்ச கதை' எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்குன்னு யோசிச்சுக்கோங்க.

நாடகம் பார்க்கிற நம்ம அப்பத்தாக்கள் சொல்ற இதே விஷயத்தை அமெரிக்காவில் ஆராய்ச்சியும் பண்ணிப் பார்த்திருக்காங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்று பெயர். 12 சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்னாடியே சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. ரிசல்ட்? முடிவு தெரிஞ்சவங்கதான் கதையை அதிகமா ரசிச்சாங்களாம்! 'அப்போ ஸ்பாய்லர் நல்லதுடா'ன்னு ஒரு கோஷ்டி துள்ளிக் குதிச்சது. பொறுங்க பாஸ்... 2015-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் இதே மாதிரி ஒரு சோதனை வெச்சப்போ, முடிவு தெரியாதவர்களுக்குத்தான் கதை கூடுதலாகப் பிடித்திருந்தது. ஆக, ஆராய்ச்சி மேட்ச் இதுவரைக்கும் டிரா!

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த ரெண்டு ஆராய்ச்சியுமே கதை படிக்கிறவங்களை வெச்சு நடந்தது. நாடகத்திலும் நாம பார்வையாளர்தான். கேமில் அப்படியா? அங்கே மேடையில் நிக்கிறது நீங்க. நாரதரோட தர்க்கம் பண்ண வேண்டியது நீங்க. வள்ளி கேட்கப்போகிற கேள்வியையும், அதுக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் ஒருத்தர் முந்தின நாளே வந்து காதில் ஓதிட்டா, அப்புறம் மேடை ஏறி என்ன பண்றது? மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சுட்டு இறங்க வேண்டியதுதான்.

தாத்தா காலத்து ஃபார்முலா

ரெண்டாவது சாட்சி சினிமா. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பாங்க. காலேஜ் பசங்க நாம பார்த்திருக்க வாய்ப்பில்லை. பழைய பேப்பர் கடையிலோ, தாத்தாவோட டிரங்குப் பெட்டியிலோ கிடைச்சா ஒரு தடவை புரட்டிப் பாருங்க. நடிகர் நடிகையர் பட்டியல், பாட்டுகள், கூடவே 'கதைச் சுருக்கம்'. ராஜா யார், ராணி யார், என்ன சிக்கல் என்பது வரைக்கும் விறுவிறுன்னு கதை போகும். சிக்கல் முத்துகிற இடத்தில் சடன் பிரேக். 'இளவரசன் தப்பினானா? காதலர்கள் சேர்ந்தார்களா?' என்று ரெண்டு கேள்வி. அதுக்குக் கீழே அந்தப் புகழ்பெற்ற வரி - 'மீதியை வெள்ளித்திரையில் காண்க!'

நம்ம ஊர் சூப்பர் ஸ்டார் பி.யு.சின்னப்பாவையே எடுத்துக்குங்க. அந்த 'பு' புதுக்கோட்டைதான். 1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் அவருக்கு இரட்டை வேஷம். அதை முன்கூட்டியே சொன்னா ஸ்பாய்லரா? கிடையவே கிடையாது. அதுதான் படத்துக்கே விளம்பரம்! 1942-ல் அவர் நடிச்ச 'கண்ணகி'க்குப் போனவங்க யாரும், கோவலன் பிழைப்பானா மாட்டானான்னு நகம் கடிச்சிருக்க மாட்டாங்க. சின்னப்பா பாடுவதைக் கேட்கப் போனார்கள், கண்ணாம்பா நீதி கேட்பதைப் பார்க்கப் போனார்கள்.

அதே தமிழ் சினிமாவில் 1954-ல் 'அந்த நாள்' வந்தது. எஸ்.பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். ஆரம்பத்திலேயே சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுகிறார். 'ஹீரோவே செத்துடுறார்னு சொல்லிட்டீங்களே'ன்னு என் மேல பாயாதீங்க. அது படம் உங்களைக் கேட்கிற கேள்வி. சுட்டது யார் என்பதுதான் விடை. அதை நான் சொல்லப்போறதில்லை. எழுபது வருஷம் ஆனாலும், பார்க்காதவனுக்கு அது புதுப் படம்தான்.

பாட்டுப் புத்தகம் அச்சடிச்ச அந்தப் பெயர் தெரியாத மனுஷனுக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. கேள்வியைச் சொல்லலாம். விடையைச் சொல்லக் கூடாது. நம்ம பாஷையில் சொல்லணும்னா... சிலபஸ் கொடுக்கலாம், மாடல் கொஸ்டின் கொடுக்கலாம், எந்த யூனிட்டுக்கு எத்தனை மார்க்குன்னுகூடச் சொல்லலாம். கொஸ்டின் பேப்பரை அவுட் பண்ணக் கூடாது!

வெண்பா வீட்டுச் சமையலறை

இப்போ கேமுக்கு வருவோம். இந்தப் பஞ்சாயத்துக்குப் பொருத்தமான ஒரு கேம் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியே இருக்கு. பேரே 'வெண்பா'! கனடாவின் டொரண்டோவில் இருக்கிற 'விசை கேம்ஸ்' என்ற சின்ன நிறுவனம் பண்ணினது. 2023 ஜூலை 31 அன்று வந்தது. அடுத்த வருஷமே, 2024-ல், லண்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது. அதே வருஷம் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். திருவிழாவில் முதல் பரிசு. புட்டும் இட்லியும் செஞ்சு உலக மேடை ஏறின கேம் இது.

கதை என்ன? இருங்க, இங்கேதான் நம்ம சிக்கலே ஆரம்பிக்குது. எவ்வளவு சொல்லலாம்?

இவ்வளவு சொல்லலாம். 1988. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன இளம் தம்பதி வெண்பாவும் பாவலனும். அவர்களுக்கு ஒரு மகன், கவின். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கு. பழசாகி, கிழிஞ்சு, பாதி எழுத்து அழிஞ்சுபோன நோட்டு. விட்டுப்போன வரிகளை நாம கண்டுபிடிச்சுச் சமைக்கணும். நடுநடுவே அந்த வீட்டுப் பேச்சு. இது குடும்பம், அன்பு, இழப்பு பற்றிய கதைன்னு தயாரிச்சவங்களே அறிமுகத்தில் சொல்லியிருக்காங்க. அதனால 'கண்ணைத் துடைக்கக் கர்ச்சீஃப் வெச்சுக்குங்க'ன்னு ரிவ்யூவில் எழுதினா தப்பில்லை. யாருக்காக அழப்போறீங்கன்னு எழுதினா தப்பு.

அடுத்து புதிர். முதல் சமையலே இட்லிதான். தட்டுகளை எப்படி அடுக்கணும் என்பதும் அந்தப் புதிரில் உண்டு. வெளிநாட்டு ரிவ்யூக்காரர் இதன் விடையை எழுதிட்டா அது பக்கா ஸ்பாய்லர். அவரோட வாசகர் இட்லிப் பானையை வாழ்க்கையில் பார்த்ததில்லை. முழிச்சு, தப்புப் பண்ணி, மாவைக் கொட்டி, 'ஓ, ஆவி மேலே போறதுக்கு வழி வேணுமா!'ன்னு கண்டுபிடிக்கிற அந்த ரெண்டு நிமிஷம்தான் அவருக்கு கேம். ஆனா நமக்கு? ஒரு குழிக்கு நேர் மேல இன்னொரு குழி வராமல் அடுக்கணும்னு இருபது வருஷமா காலங்காத்தால பார்த்துட்டிருக்கோம். நமக்கு ஸ்பாய்லர் சொன்னது நம்ம அம்மாதான்!

ஆனாலும் நம்மாளுங்களுக்கு கேம் போரடிக்காது. ஏன்னா, 'வள்ளி திருமணம்' கதைதான் இங்கேயும். விடை தெரிஞ்சு விளையாடும்போது கண்ணு புதிரில் இருக்காது. அந்தச் சமையலறை மேல இருக்கும். ரேடியோவில் ஓடுகிற பாட்டு மேல இருக்கும். பனி பெய்யுற ஊரில் ஒருத்தி தன் அம்மாவோட கையெழுத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆக, ஒரே தகவல் ஒருத்தருக்கு ஸ்பாய்லர், இன்னொருத்தருக்கு சாதாரண காலை டிபன். யாருக்காக எழுதுறோம்னு தெரியாமல் ஸ்பாய்லருக்கு இலக்கணம் எழுத முடியாது.

மூணாவதா ஒரு ஐட்டம் இருக்கு, நீளம். வெண்பாவை ஒன்றரை மணி நேரத்தில் முடிச்சிடலாம். ரொம்ப நிதானமா விளையாடினாலும் ரெண்டு மணிக்குள்ள முடியும். 'முடிவு எப்போ வரும்னு தெரிஞ்சா த்ரில் போயிடுமே'ன்னு இதைக்கூட மறைக்கச் சொல்றவங்க உண்டு. தப்பு சார்! கொடுக்கிற காசுக்கு எத்தனை மணி நேரம்னு தெரிஞ்சுக்கிறது வாங்குறவனோட உரிமை. ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த விலையான்னு ஒருத்தன் யோசிக்கலாம். ஒரு நல்ல படத்துக்குக் கொடுக்கிற காசுதானேன்னு இன்னொருத்தன் வாங்கலாம். முடிவை அவங்க எடுக்கட்டும். தகவலை நாம கொடுக்கணும்.

குறையையும் உடைக்காமலே சொல்லலாம். கதை பல வருஷங்களைத் தாவித் தாவிப் போகுது. சில இடங்களில் 'இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே'ன்னு தோணும். பின்பாதியில் ஒரு அத்தியாயத்தில் நாம விளையாடுகிற விதமே வேறு மாதிரி ஆகும், அது பிரமாதம். இவ்வளவு சொல்லியும் நான் எதையும் உடைக்கலை, கவனிச்சீங்களா?

தெரிஞ்சா முடிஞ்சுது!

வெண்பாவை முழுக் கதை தெரிஞ்சுட்டும் ரசிக்கலாம். எல்லா கேமும் அப்படி இல்லை. 2019-ல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' வேறு ஜாதி. 2020-ல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருது வாங்கியது. அதில் ஆரம்பத்திலேயே ஒரு விண்கலம் உங்க கைக்கு வந்துடும். எந்தக் கிரகத்துக்கு வேணும்னாலும் போகலாம். லெவல் ஏறுறது, புது ஆயுதம் வாங்குறது, பவர் கூடுறது... ஒண்ணுமே கிடையாது. உங்களைத் தடுக்கிறது ஒண்ணே ஒண்ணு, எங்கே போகணும், அங்கே என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியாதது. தெரிஞ்சுக்கிறதுதான் கேம். அப்படின்னா அதில் ஒருத்தர் ரகசியத்தைச் சொல்லிட்டா, கேமில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரிதான். மறந்துட்டுத் திரும்ப விளையாடவும் முடியாது.

நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு. நம்ம ஊரில் கேம்னா பெரும்பாலும் மொபைல்தான். பஸ்ஸில் வர்றப்போ, லஞ்ச் பிரேக்கில் நாலு பேர் ஸ்குவாடு போட்டுச் சுடுறோமே, அதில் உடைக்கிறதுக்கு என்ன கதை இருக்கு? பாராசூட்டில் குதிப்போம், கடைசியில் நிற்கிறவன் ஜெயிப்பான், சிக்கன் டின்னர். இந்த மாதிரி கேமுக்கு ரிவ்யூ எழுதுறவர் ஒண்ணு விடாமல் சொல்லணும். எந்த லெவலில் காசு கேட்க ஆரம்பிக்கும், காசு கொடுத்தவன் சுலபமா ஜெயிக்க முடியுமா, பெட்டியைத் திறந்தா என்ன வரும்ங்கிறது வெறும் அதிர்ஷ்டமா, எல்லாத்தையும். இங்கே 'சர்ப்ரைஸ்' என்பது நம்ம பர்ஸுக்கு வைக்கிற வேட்டு.

மௌனமும் ஏமாத்தும்

'ஸ்பாய்லர் கூடாது' கோஷ்டியில் சேர்றதுக்கு முன்னாடி இதையும் கேட்டுடுங்க. ஸ்பாய்லர் என்கிற போர்வைக்குள்ளே வேற சமாச்சாரங்களும் ஒளிஞ்சிருக்கும்.

கேம் நிறுவனங்கள் ரிவ்யூ எழுதுறவங்களுக்கு முன்கூட்டியே காப்பி கொடுக்கும். கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியலும் வரும். 'இந்தத் தேதிக்கு முன் எழுதக் கூடாது, இதையெல்லாம் சொல்லக் கூடாது' என்று. இதுக்கு 'எம்பார்கோ'ன்னு பேர். 2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஞாபகம் இருக்கா? ஏப்ரலிலேயே கதை லீக் ஆகி ரசிகர்கள் நொந்துபோனார்கள். ரிவ்யூ எழுதினவங்களுக்கோ கேமின் பின்பாதியைப் பற்றிப் பேசத் தடை. ரசிகர்களுக்கு இது நல்லதுதான். ஆனா அந்த கேம் என்ன சொல்ல வருதுங்கிற விஷயமே பின்பாதியில்தான் இருக்கு. அதைத் தொடாமல் விமர்சனம் எழுதுறது, இன்டர்வெல் வரைக்கும் படம் பார்த்துட்டு மார்க் போடுற மாதிரி.

2012 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' இன்னொரு கதை. மூணு பாகம், ஐந்து வருஷம், நூறு மணி நேரம் விளையாடின ரசிகர்களுக்கு முடிவு பிடிக்கலை. பெரிய கலாட்டா. கடைசியில் நிறுவனமே அந்த ஜூனில் முடிவை விரிவாக்கி இலவசமா கொடுத்தது. ரசிகர்கள் கொதிச்சதே முடிவுக்காகத்தான். முடிவைப் பற்றி மூச்சு விடாத எந்த ரிவ்யூவும் இதை எச்சரிச்சிருக்க முடியாது. 'முடிவு என்னன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை வருஷம் நீங்க எடுத்த முடிவுகளுக்கு ஏத்த மாதிரி அது இல்லை' என்று ஒரு வரி போதும். ரகசியமும் காப்பாத்தப்படும், ரசிகனும் காப்பாத்தப்படுவான்.

எல்லாத்துக்கும் உச்சம் 'சைபர்பங்க் 2077'. 2020 டிசம்பர் 10 ரிலீஸ். அதுக்கு முன்னாடி ரிவ்யூக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் காப்பி மட்டும். வீடியோ போடணும்னா நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போடணும், தாங்கள் விளையாடினதைக் காட்டக் கூடாது. ரிலீஸ் ஆனதும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வெச்சிருந்தவங்க தலையில் கை வெச்சாங்க. கேம் தொங்குது, நிக்குது, மனுஷங்க பாதியில் மறையறாங்க. அடுத்த வாரமே சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து கேமைத் தூக்கி, காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. 2021 ஜூனில்தான் அது திரும்பக் கடைக்கு வந்தது. கதையின் திருப்பத்தை மறைச்சா நாகரிகம். பழுதை மறைச்சா அது வேற. ரெண்டையும் ஒரே கட்டுப்பாட்டில் கட்டினா யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க.

48 மணி நேரம் போதுமா?

'சரி, முதல் கொஞ்ச நாள் மட்டும் வாயை மூடிட்டு, அப்புறம் தாராளமா சொல்லலாமே'ன்னு ஒரு சமரசம் உண்டு. சினிமாவில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கு. கேரள உயர் நீதிமன்றத்தில் பட விமர்சனம் பற்றி ஒரு வழக்கு. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். படம் வந்து முதல் 48 மணி நேரத்துக்குள் வீடியோ விமர்சகர்கள் கதையை உடைக்க வேண்டாம் என்பது அதில் ஒரு பரிந்துரை.

படத்துக்கு சரி. ரெண்டரை மணி நேரப் படத்தை ரெண்டு நாளில் பார்த்துடலாம். நாப்பது மணி நேர கேமை 48 மணி நேரத்தில் முடிக்கணும்னா, தூங்காமல், சாப்பிடாமல், இன்டர்னல் எழுதாமல் விளையாடணும்! அதிலும் நாம ரிலீஸ் அன்னிக்கா வாங்குறோம்? ஒரு வருஷம் காத்திருந்து, தள்ளுபடி போடும்போதுதான் வாங்குறோம். நமக்கு கேம் வர்றதுக்குள்ள ஊரே அதைப் பேசி முடிச்சு மூட்டை கட்டிடும். அதனால நாள் கணக்கு கேமுக்குச் சரிப்படாது. இடக் கணக்குதான் சரி. முதல் பாதியில் உடைக்காமல் எழுதணும். நடுவில் ஒரு கோடு போட்டு, 'விளையாடி முடிச்சவங்க மட்டும் கீழே வாங்க'ன்னு போர்டு வைக்கணும். கீழே எவ்வளவு வேணும்னாலும் உடைக்கலாம், அலசலாம், சண்டை போடலாம். நல்ல விமர்சனத்துக்கு அந்தக் கீழ்ப் பாதி அவசியம்.

'எங்ககிட்ட நல்ல கம்ப்யூட்டரே இல்லை. முழு கேமையும் யூடியூபில் பார்த்துதான் திருப்திப்படுறோம்'னு சொல்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைக் கேவலமா நினைக்க ஒண்ணுமில்லை. அதுவும் பாயை விரிச்சு நாடகம் பார்க்கிற மாதிரிதான். ஆனா குட்டி நிறுவனங்கள் பண்ணின, கதையே உயிரான கேமுக்கு இது வலிக்கும். 2016-ல் 'தட் டிராகன், கேன்சர்' என்ற கேமை உருவாக்கினவங்க, முழு கேமையும் வீடியோவில் பார்த்துட்டுப் பலரும் வாங்காமலே போயிட்டாங்கன்னு வெளிப்படையா எழுதினாங்க. அது தங்கள் குழந்தையின் புற்றுநோயைப் பற்றி ஒரு குடும்பம் உருவாக்கிய கேம். அந்த மாதிரி ஒண்ணு உங்களை உலுக்கிடுச்சுன்னா, என்னைக்காவது கையில் காசு வரும்போது ஒரு காப்பி வாங்கிடுங்க. கணக்கு நேராயிடும்.

நீங்க ரிவ்யூ எழுதப்போறீங்களா?

காலேஜ் மேகஸினோ, யூடியூப் சேனலோ, டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் பேசுறதோ... எதுவா இருந்தாலும் இந்த ஆறைப் பாக்கெட்டில் வெச்சுக்குங்க:

* முதல் ஒரு மணி நேரத்தில் வர்றதைத் தாராளமா சொல்லுங்க. அதுக்கு அப்புறம் வர்றதை யோசிச்சுச் சொல்லுங்க.

* கேள்வியைச் சொல்லுங்க, விடையைச் சொல்லாதீங்க. 'யாரோ சாவாங்க'ன்னு சொல்றதும் பாதி விடைதான். அப்புறம் விளையாடுறவன் ஒவ்வொருத்தர் முகத்தையும் சந்தேகமாவே பார்த்துட்டிருப்பான்.

* நீளம், விலை, எந்த மெஷினில் ஓடும், எங்கே தொங்கும், எங்கே கூடுதல் காசு கேட்கும்... இது எதுவும் ஸ்பாய்லர் இல்லை. மறைச்சாத்தான் குத்தம்.

* முடிவு சொதப்பலா இருந்தா சொதப்பல்னு சொல்லுங்க. எப்படிச் சொதப்பிச்சுங்கிறதைக் கோட்டுக்குக் கீழே வெச்சுக்குங்க.

* தற்கொலை, பாலியல் வன்முறை மாதிரி காட்சிகள் இருந்தா, எந்த இடம்னு சொல்லாமல், இருக்குன்னு மட்டும் கண்டிப்பா சொல்லுங்க. ஒருத்தருக்குத் திருப்பம் கெட்டுப்போறதைவிட, இன்னொருத்தர் தயாராகாமல் போய் அதில் மாட்டுறது பெரிய விஷயம்.

* தலைப்பிலும் முகப்புப் படத்திலும் உடைக்காதீங்க. ரிவ்யூவைத் திறக்காமல் இருக்க ஒருத்தனால் முடியும். கண்ணில் பட்ட தலைப்பைப் படிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

ஆறையும் ஒரே வரியில் சுருக்கணும்னா இப்படி வரும்... ரிவ்யூ என்பது வாங்குறவனுக்கு உதவணும், விளையாடுறவனோட வேலையைச் செஞ்சுடக் கூடாது.

சாம்பிள் வேணுமா?

தீர்ப்பு மட்டும் சொல்லிட்டு நழுவினா நீங்க விட மாட்டீங்க. இந்தாங்க, அதே விதிப்படி ஒரு குட்டி ரிவ்யூ:

'வெண்பா. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அழிஞ்சுபோன சமையல் குறிப்புகளை வெச்சு நீங்க சமைக்கணும். புதிர்கள் சுலபம், அதிலும் அம்மாவுக்கு அடுப்படியில் உதவி செஞ்ச ஆளுன்னா ரொம்பச் சுலபம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான், விலையைப் பார்த்து யோசிச்சுக்குங்க. சண்டை, துப்பாக்கி எதிர்பார்த்தா வேண்டாம். மனசைப் பாதிக்கிற இடங்கள் உண்டு, ராத்திரி தனியா உட்கார்ந்து விளையாடாதீங்க. வேற ஊரில் படிக்கிற, வாரம் ஒருதடவை மட்டும் வீட்டுக்குப் பேசுற ஆளுன்னா, கண்டிப்பா விளையாடுங்க. வெண்பாவின் நோட்டில் அழிஞ்சுபோன வரிகள் எல்லாம் திரும்பக் கிடைச்சுதா? கவினுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியுமா?

மீதியை மானிட்டரில் காண்க!'